சந்திரிகா சாணவாயுவைச் சலித்த கதை

பேச்சு விஷயத்தில் கடவுள் சில வீடுகளில் அளந்துதான் கொடுக்கிறார். சந்திரிகா பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சம் எட்டையும் அவள் புருஷன் ஜீவன் எடுத்துக்கொண்டு, தன் பங்கையும் சேர்த்துப் பேசிவிடுவான். கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் மேல்வீட்டுக்குக் கீழே ஹுஸைன் நானா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஜீவன் படியிறங்கும் சத்தம் கேட்டதும் அவர் ரேடியோவை நிறுத்திவிடுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கத் தன் காதுக்கு வலு இல்லை என்பார்.

சந்திரிகாவுக்கு என்ன வேலை என்று ஊருக்குச் சொல்வதும் ஜீவனின் பொறுப்பில்தான் இருந்தது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பத்தில் பிறந்து, இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறாள் அவள். கல்யாண வீடோ கருமாதி வீடோ, எங்கே போனாலும் யாராவது வேலையைப் பற்றி விசாரிப்பார்கள். "மென்சவ்வு செய்றோம்" என்பாள். கேட்டவர் முழிப்பார். உடனே ஜீவன் நடுவில் புகுந்துவிடுவான்.

"காத்தைச் சலிக்கிறாங்க. வீட்டுல மாவு சலிக்கிறோம்ல, அது மாதிரி. என்ன, சல்லடையில இருக்கிற ஓட்டை நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அந்த விளக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆய்வுகூடத்தில் ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. பார்த்தால் அரிசி மா என்றுதான் நினைப்போம். ஆனால் அதன் ஒவ்வொரு துகளும் உள்ளே முழுக்க முழுக்கத் துளை. அந்தத் தூளை, எதனோல் என்ற எரிசாராயத்தில் கரைத்த பசைபோன்ற ஒரு பிளாஸ்டிக்கில் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, அலகால் மெல்லிசாக இழுத்து, மூடி வைத்துக் காயவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் பாலாடை மாதிரி ஒரு சவ்வு வரும். அதன் ஒரு பக்கத்தில் வாயுக் கலவையை அழுத்திவிட்டால், காபனீரொட்சைட்டு என்கிற கரியமில வாயு ஒல்லி என்பதால் துளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மெதேன் கொஞ்சம் தடிப்பு. அது வெளியிலேயே நின்றுவிடும். நமக்கு வேண்டியது அந்த மெதேன்தான், எரிவது அதுதான். காபனீரொட்சைட்டு தானும் எரியாது, பக்கத்தில் இருப்பதையும் ஒழுங்காக எரியவிடாது.

இந்த வேலைக்குத் தலைவி டொக்டர் றீற்றா. யாழ்ப்பாணம் குருநகர்க்காரி, கண்டிக்கு வந்து வருஷக்கணக்காகியும் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளாதவர். மற்ற நாடுகளில் பெரிய பெரிய ஆலைகளின் புகைபோக்கிக்கு இதைச் செய்கிறார்கள், நாங்கள் முதலில் மாட்டுச் சாணத்துக்குச் செய்வோம் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் சந்திரிகாவுக்கு வந்த சங்கடம்தான் இந்தக் கதை.

ஜீவனுக்கு மடுல்கெல்லயில் வேலை. விடிந்ததும் பட்டா என்கிற சின்ன லொறியை எடுத்துக்கொண்டு மலையேறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் பால் சேர்த்து, பால் சங்கத்தின் கூலரில் கொண்டுவந்து ஊற்றுவான். அந்தச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். மழைக்காலத்தில் எங்காவது ஒரு மரம் கம்பி மேல் விழுந்தால் மலை முழுக்கக் கரண்ட் போய்விடும். போன வருஷம் அப்படி ஒருமுறை போய், கூலரில் இருந்த பால் அத்தனையும் கெட்டுப்போனது. அதைச் சாக்கடைக் கானில் ஊற்றியபோது சனம் சுற்றி நின்று பார்த்தது. காலையில் கொழுந்தும் மாலையில் இரண்டு மாடுமாக உழைக்கிற அங்கம்மா, தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். வாயாடி என்று பெயரெடுத்த பெண் அழுததைப் பார்த்து ஜீவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான், கரண்ட் போனாலும் கூலரை ஓட்ட ஒரு ஜெனரேட்டரும் அதற்குச் சாணவாயுத் திட்டமும் வந்தன. ஊர் கூடிக் குழி வெட்டியது. பெண்கள் கூடை கூடையாகச் சாணம் சுமந்தார்கள். வாயுவும் வந்தது. ஆனால் வந்த வாயுவில் கிட்டத்தட்டப் பாதி காபனீரொட்சைட்டு. அதைக் கொடுத்தால் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடும், கூலரைப் போட்ட உடனே மூச்சை விட்டுவிடும்.

"குழிய மூடிப்புடுவோம்" என்றார் சங்கத்துப் பொருளாளர் பெரியதம்பி, தைப்பொங்கல் முடிந்து நடந்த கூட்டத்தில். "நாத்தம் ஒரு பக்கம், கொசு ஒரு பக்கம். ஓடாத மிசினுக்கு எதுக்கு இத்தனை சாணி?"

சனம் தலையாட்டியது. அப்போது ஜீவன் எழுந்தான். உட்கார்ந்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

"யாரும் மூட வேணாம். என் பொஞ்சாதி அந்தக் காத்தைச் சலிச்சுக் குடுப்பா. சித்திரை வருசப் பிறப்பு முடிஞ்சு வர்ற மொதக் கூட்டத்தன்னிக்கு, உங்க முன்னாலயே மிசின் ஓடும். ஓடலேன்னா நானே மண்ணை வெட்டிக் குழிய மூடிட்டு, செயலாளர் வேலையையும் விட்டுடுறேன்."

இதைச் சந்திரிகாவுக்கு அவன் சொல்லவில்லை. தோட்டத்தில் இருக்கும் அவள் அம்மா போனில் சொன்னாள். அன்று ஜீவன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டு மேசையில் விழுந்த சத்தம் ஹுஸைன் நானாவின் கடைவரை கேட்டது.

"உங்களை யாரு கேட்டா?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"இதுவரைக்கும் உள்ளங்கை அளவுதான் செஞ்சிருக்கோம். அங்க ஜன்னல் அளவுக்கு வேணும்."

"ஜன்னல் என்ன, நீ கதவே செய்வ."

கிண்டல் செய்திருந்தால் திட்டியிருக்கலாம். அவன் முழுசாக நம்பிக்கொண்டு சொன்னான். சங்கத்தில் அவன் பெயர் போனால் அவன் சிரித்துச் சமாளித்துக்கொள்வான், ஆனால் உள்ளுக்குள் ஒடிந்துபோவான் என்று அவளுக்குத் தெரியும். சாணம் சுமந்த பெண்களில் அவள் அம்மாவும் ஒருத்தி. நாளைக்குக் குழியை மூடும்போது அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது?

விஷயத்தைக் கேட்ட டொக்டர் றீற்றாவுக்குச் சந்தோஷம்தான். "நல்லதாப் போச்சு. பெரிசாச் செய்து பாக்க வேணும் எண்டு நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். நீர் பயப்படாமத் தொடங்கும்" என்றார்.

சந்திரிகா தொடங்கினாள். சும்மா தொடங்கவில்லை. ஊர் வேலை, புருஷன் கொடுத்த வாக்கு, ஆகவே முறைப்படி தொடங்கினாள். கலண்டரில் நல்ல நேரம் பார்த்தாள். மேசைக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பிள்ளையார் படத்தை ஒட்டினாள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், கண்ணாடித் தட்டில் சவ்வை இழுத்து முடித்ததும் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து, ஈரம் காயாத அந்தத் தட்டுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டபின்தான் மூடியைப் போட்டாள். ஆய்வுகூடத்துக்குள் நெருப்பு கூடாது என்ற சட்டம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் வெளியே கொரிடோரில் நின்று பற்றவைத்து, சுடரை அணைத்துவிட்டு, புகைகிற குச்சியை மட்டும்தான் உள்ளே கொண்டுபோனாள். சட்டத்தை மதித்துவிட்டதாக அவளுக்கு ஒரு திருப்தி. உள்ளங்கை அளவில் செய்த பழைய சோதனைத் துண்டுகளுக்கு அவள் இதெல்லாம் செய்ததில்லை. அற்ப விஷயத்துக்கு எதற்குப் பிள்ளையாரைத் தொந்தரவு செய்ய வேண்டும்?

முதல் பெரிய சவ்வு ஒழுகியது. ஒரு பக்கத்தில் கலவையை விட்டு மறுபக்கத்தில் அளந்து பார்த்தால், மெதேனும் காபனீரொட்சைட்டும் கைகோத்துக்கொண்டு வந்தன. சல்லடை கிழிந்துவிட்டால் மாவும் கப்பியும் சேர்ந்துதானே விழும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

டொக்டர் றீற்றா மழையைச் சந்தேகப்பட்டார். கண்டிக் காற்றில் எந்த நேரமும் ஈரம், அது சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போடுகிறது என்றார். காற்றை உலர்த்தும் இயந்திரம் வந்தது. பயனில்லை. மேசையைச் சுற்றிப் பொலித்தீன் திரை வந்தது. பயனில்லை. தூள் கட்டிபட்டிருக்கிறதோ என்று அதைத் திரும்பத் திரும்ப அரைத்தார்கள். மடுல்கெல்லயில் இருந்த அம்மா, இது கண்ணூறு என்று தீர்ப்புச் சொல்லிக் காய்ந்த மிளகாயும் உப்பும் பொட்டலம் கட்டி ஜீவனிடம் கொடுத்தனுப்பினாள். சந்திரிகா தன் பங்குக்கு, ஓர் ஊதுபத்தி கொளுத்திய இடத்தில் மூன்று கொளுத்தினாள்.

வேடிக்கை என்னவென்றால் இத்தனை தோல்விக்கு நடுவே இரண்டே இரண்டு சவ்வுகள் மட்டும் அப்பழுக்கில்லாமல் வந்திருந்தன. ஒன்று மாசி மாதத்தில், ஒன்று பங்குனியில். காபனீரொட்சைட்டை அப்படி ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தன. டொக்டர் றீற்றா அந்த இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"இது ரெண்டும் எப்பிடி வந்தது? அண்டைக்கு வித்தியாசமா என்ன செய்தனீர்?"

"ஒண்ணும் செய்யல மெடம்."

"ஒண்டும் செய்யாமல் வராது. வடிவா யோசியும்."

சந்திரிகா யோசித்தாள். சமைக்கும்போது யோசித்தாள், துணி காயப்போடும்போது யோசித்தாள். அதே தூள், அதே கரைசல், அதே கை. சித்திரை பிறக்க இருந்தது. மடுல்கெல்லயில் பெரியதம்பி மண்வெட்டியைத் தீட்டி வைத்துவிட்டதாக ஜீவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு முன்னைப்போல வாய் நிறைய வரவில்லை. அதை அவள் கவனித்தாள்.

ஒருநாள் காலை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பேராதனை பஸ் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். சாரதியின் தலைக்கு மேலே வழக்கம்போலப் படங்கள், நடுவில் புத்தர், ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கதிர்காமத்துக் கடவுள், சுற்றிலும் மின்னும் பல்ப். முதல் ஓட்டத்துக்கு முன்னால் கொண்டக்டர் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திப் படங்களுக்குக் காட்டி, ஸ்டியரிங்குக்குக் காட்டி, தன் டிக்கெட் மெசினுக்கும் ஒரு சுற்றுக் காட்டினான். பிறகு கட்டை மேலே செருகிவிட்டு "பேராதனிய, பேராதனிய" என்று கத்தத் தொடங்கினான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. சந்திரிகா கையில் இருந்த போனின் கண்ணாடியில் பொலபொலவென்று சாம்பல் விழுந்தது.

அவள் விரலால் துடைத்தாள். சாம்பல் இழுபட்டுக் கோடாகியது. மறுபடி இரண்டு புள்ளி விழுந்தது. அவள் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி. கண்ணாடிமேல் சாம்பல். ஈரம் காயாத சவ்வாக இருந்தால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் உள்ளே அமிழ்ந்து, காய்ந்தபின் ஓர் ஓட்டையாகியிருக்கும். மூன்று சுற்று, மூன்று குச்சி!

அப்படியானால் அந்த இரண்டு நல்ல சவ்வுகள்? அந்த இரண்டு நாளும் ஏன் ஊதுபத்தி கொளுத்தவில்லை? காரணம் நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் காதுவரை சூடேறியது. அந்த நாட்களில் அவள் வீட்டுக்குத் தூரம். மாதாமாதம் வரும் அந்த மூன்று நாளில் சாமி படத்தைத் தொடக்கூடாது, விளக்கேற்றக்கூடாது என்று வளர்ந்தவள். அதனால் பிள்ளையாரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், குற்ற உணர்ச்சியோடு சவ்வை இழுத்து மூடிவிட்டு வந்திருந்தாள். தீட்டு என்று ஒதுங்கிய நாளில் செய்தது மட்டும் உருப்பட்டிருக்கிறது. பக்தியோடு செய்தது அத்தனையும் பாழ்.

சந்திரிகா பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா "மொகத உனே?" என்று என்ன நடந்ததென்று விசாரித்தார். இதை எந்த மொழியில் விளக்குவது? "முகுத் நே" என்று ஒன்றுமில்லையெனத் தலையாட்டிவிட்டு, அவள் மறுபடி சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் ஆய்வுகூடத்து வாசல்வரைதான். உள்ளே போய் ஊதுபத்தி விஷயத்தைச் சொன்னதும் டொக்டர் றீற்றா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எதனோல் ஆவி நிறைஞ்ச அறைக்குள்ள நெருப்புக் குச்சியோ? உமக்கென்ன விசரோ சந்திரிகா?"

"கொரிடோர்ல வச்சுத்தான் பத்த வச்சேன் மெடம்."

"வெளியில பத்த வச்ச நெருப்பு உள்ளுக்கை வந்தாச் சுடாதோ? கட்டடத்தோட சேர்த்து எல்லாரையும் மேல அனுப்பியிருப்பீர்!" திட்டிக்கொண்டே வந்தவர் திடீரென்று நின்றார். "எனக்கு ஒரு நாளும் மணக்கேல்லையே. இந்தக் கொரோனா வந்து போனதில இருந்து மூக்கு ஒண்டுக்கும் உதவாது. சரி, அந்த ரெண்டு நாளும் மட்டும் ஏன் கொளுத்தேல்லை?"

சந்திரிகா தரையைப் பார்த்தாள். டொக்டர் றீற்றா ஒரு கணம் அவளைப் பார்த்தார், பிறகு "மாதாவே!" என்று கதிரையில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்தபின் அவளைக் கிட்டக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார்.

அன்றைக்கே பரிசோதித்தார்கள். கட்டடத்துக்கு வெளியே ஒரு சுத்தமான கண்ணாடித் தட்டுக்கு மேல் ஊதுபத்தியைச் சுற்றினார்கள், இன்னொன்றுக்குச் சுற்றவில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்தபோது முதல் தட்டு மிளகுத்தூள் தூவிய முட்டை மாதிரி இருந்தது. சந்திரிகாவுக்கு மனசு கொஞ்சம் நொந்தது. இருப்பதிலேயே அன்பாகச் செய்த காரியம்தான் இத்தனை நாளும் வேலையைக் கெடுத்திருக்கிறது. பிள்ளையார் படத்தை மெதுவாகச் சுவரிலிருந்து உரித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றவளிடமிருந்து டொக்டர் றீற்றா அதை வாங்கி, தன் அலுவலக அலுமாரியின் மேலே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

"ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு இருக்கட்டும். நீர் போய் வேலையைப் பாரும்."

அதற்குப் பிறகு வேலை ஓடியது. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, கலண்டரைத் திரும்பிப் பார்க்காமல் கிடைத்த நேரத்தில் எல்லாம் சவ்வு இழுத்தாள். ஒன்றுகூட ஒழுகவில்லை. புதிதாகச் செய்தவற்றோடு அந்தப் பழைய இரண்டையும் சேர்த்து, இரும்புச் சட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முறுக்கியபோது கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

நல்ல செய்தியை ஜீவனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். அவன் காரணம் கேட்டான். புருஷன்தானே என்று அதையும் சொன்னாள்.

"வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ச்சே, இதையெல்லாம் போய் சொல்லுவேனா?" என்றான் ஜீவன். சொன்ன வேளையில் அவன் அதை உண்மையாகவே நம்பினான்.

கூட்டத்தன்று மடுல்கெல்லயில் மூடுபனி விலகி நல்ல வெயில். பால் சங்கத்துக் கொட்டகைக்கு முன்னால் லயத்துச் சனம் முழுக்கக் கூடியிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்த பெண்கள் கூடையோடு நின்றார்கள். டொக்டர் றீற்றா ஒரு கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்க மறந்து கையில் வைத்திருந்தார். பெரியதம்பி உண்மையிலேயே மண்வெட்டியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தியிருந்தார்.

சந்திரிகா வால்வைத் திறந்தாள். குழியிலிருந்து வந்த வாயு, நாற்றத்தையும் ஈரத்தையும் உறிஞ்சும் குழாய்களைக் கடந்து, சவ்வு அடுக்குக்குள் போயிற்று. ஜீவன் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான். இருமல் இல்லை, ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. மிசின் ஓடுவது முன்பும் எல்லாரும் பார்த்ததுதான். கூலரைப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஜீவன் அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். சுவிட்சைப் போட்டான். ஜெனரேட்டரின் சத்தம் ஒரு கணம் அமுங்கியது. பிறகு சத்தம் நிமிர்ந்து, தாளம் தப்பாமல் ஓடத் தொடங்கியது. கூலருக்குள் பால் சுழன்றது. சனம் கைதட்டியது. பெரியதம்பி கிட்ட வந்து, கூலரின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்து, "ஓடுதுதான்" என்றார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜீவன் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"இது லேசில வந்ததில்ல. மூணு மாசம் என் பொஞ்சாதி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாமி கும்பிட்டு, ஊதுபத்தி சுத்திச் செஞ்சதெல்லாம் சாம்பல் விழுந்து ஓட்டையாப் போச்சு. வீட்டுக்குத் தூரமா இருந்தப்ப செஞ்ச ரெண்டு மட்டும் ஒழுகவே இல்ல. அதுலதான் குட்டே வெளிப்பட்டுச்சு. அந்த ரெண்டும் இப்பவும் இந்த மிசினுக்குள்ளதான் இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மைக் கையிலேயே நின்றது. சந்திரிகாவுக்குக் காலடியில் மண் பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியதம்பி கூலரிலிருந்து கையை எடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர், ஆனால் கோயில் கமிட்டியிலும் இருப்பவர்.

"இங்க பாருங்கப்பா, நான் மிசினைக் குறை சொல்லல. ஆனா முருகன் கோயில் அபிசேகத்துக்கு இந்தப் பாலுதான் போகுது. தீட்டுல செஞ்ச சாமானைப் பாலுகிட்ட வைக்கலாமா? தெரியாம இருந்தா வேற. இப்பத் தெரிஞ்சிருச்சே. எதுக்கும் குழிய மூடுறதா வேணாமான்னு கையத் தூக்கச் சொல்லிக் கேட்டுருவோம்."

ஆண்கள் பக்கத்தில் சில தலைகள் ஆடின. ஜீவனின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை மாத உழைப்பும், ஓடிக்கொண்டிருக்கிற மிசினும், ஒரு வார்த்தையில் கைநழுவிப் போகிறதே என்று சந்திரிகாவுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"பெரியதம்பி, கை தூக்குறதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். பதினேழு வயசுல கூடை கட்டுனவ நான். அந்த மூணு நாளைக்குன்னு எந்தக் கங்காணியாச்சும் எனக்கு லீவு குடுத்தானா? மழையில நனைஞ்சுக்கிட்டு, வயித்து வலியோட, இந்தக் கையாலதான் கொழுந்து கிள்ளினேன். இங்க நிக்கிற அத்தனை பொம்பளையும் அப்புடித்தான் கிள்ளினோம். அந்தக் கொழுந்தைத்தான் உலகமே தேத்தண்ணியா குடிக்குது. நீயும் காலையில குடிச்சிட்டுத்தான் வந்திருக்க. கோயில் ஐயருக்கும் அதைத்தான் ஊத்திக் குடுக்குற."

பெரியதம்பி வாயைத் திறந்தார்.

"இரு, இன்னும் முடிக்கல. அன்னிக்கும் மாடு கறக்கணும்ல? அதையும் இந்தக் கையாலதான் கறக்குறேன். அந்தப் பாலுலதான் இத்தனை வருசமா அபிசேகம் நடக்குது. மாட்டுக்குத் தெரியல, முருகனுக்குத் தெரியல, ஒனக்கு மட்டும் இன்னிக்கு எப்புடித் தெரிஞ்சிருச்சு?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. ஆனால் சந்திரிகாவின் அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். எடுத்த கையை அப்படியே மேலே தூக்கினாள். "குழி இருக்கட்டும்" என்றாள். பக்கத்தில் நின்றவள் தூக்கினாள். அடுத்தவள் தூக்கினாள். கொழுந்துச் சாறு பட்டுப் பட்டுக் கறுத்துப்போன விரல்கள் கொட்டகை முன்னால் வரிசையாக எழுந்தன. ஆண்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பெரியதம்பி சுற்றுமுற்றும் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் தானும் பாதிக் கையைத் தூக்கினார்.

சந்திரிகா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை கொழுந்து கிள்ளித்தான் அவளைப் படிக்க வைத்தது. இத்தனை வருஷமும் மாதத்தில் மூன்று நாள் தலைகுனிந்து, சுவரோரமாக ஒதுங்கி நடந்தது எதற்கு என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. வெட்கம் போன இடம் தெரியவில்லை. மனசு அப்படியே லேசாகிவிட்டது. அவள் நேராகப் போய் ஜீவன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான்.

"இந்தச் சவ்வெல்லாம் வருசத்துக்கு ஒருதரம் மாத்தணும். அதையும் நான்தான் செய்வேன். என்னிக்குச் செஞ்சேன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. ஓடுகிறதா என்று டொக்டர் றீற்றா எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கம்மா, கொட்டகை வாசலில் வைத்திருந்த தன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அன்றைய பாலைக் கூலரில் ஊற்றினாள்.